"ம்" என்றால் போதுமா?

பல் டாக்டரம்மாவுக்கு ரத்தம் கொதித்தது. விமானங்களுக்கு வழிசொல்லும் இணைய விளையாட்டில் பயிற்சிக்கு இடம் கிடைக்க ஏழு மாதம் காத்திருந்தவர் அவர். முதல் நாளே பயிற்சியாளர் பாதியில் நிறுத்திவிட்டார்.

"ரெண்டாவது ஓடுபாதைக்குப் போகச் சொன்னீங்க. பைலட் 'ம்'னதும் விட்டுட்டீங்களே? அவர் அதைத் திருப்பிச் சொல்லணும், நீங்க கேட்டுச் சரிபார்க்கணும். அடுத்த வாரம் முதல்லேர்ந்து ஆரம்பிக்கலாம்."

"இருபது வருஷமா வெறும் 'ம்'மை வச்சே பல்லைப் பிடுங்குறேன், எனக்கே பாடமா!" என்று ஹெட்போனைக் கழற்றி எறிந்தார்.

மறுநாள் கிளினிக்கிலும் எரிச்சல் அடங்கவில்லை. நாற்காலியில் ஒருவர் வாயைப் பிளந்து படுத்திருந்தார். இரண்டு பக்கமும் சொத்தை.

"வலி இடது பக்கம்தானே?"

"ம்."

ஊசி ஈறு வரைக்கும் போய்விட்டது. என்ன தோன்றியதோ, கையை வெளியே இழுத்தார்.

"வாயை மூடிட்டு, எந்தப் பக்கம்னு நீங்களே ஒரு தடவை சொல்லுங்க."

"வலது பக்கம், டாக்டர்."

ஊசி தட்டில் விழுந்தது. அந்தப் பயிற்சியாளர் மேல் டாக்டரம்மாவுக்கு இப்போதுதான் உண்மையான கோபம் வந்தது.