ஒன்றாம் சேனல்

என் வீட்டுக்காரர் போட்டோகிராபர். ஆனால் அவருடைய முழுநேர வேலை, மலிவு விலைக் கேமரா சாமான்களைப் பற்றிய வீடியோக்களைப் பார்ப்பது. மிச்ச நேரத்தில் படம் எடுப்பார். அப்படிப் பார்த்துப் பார்த்து வாங்கிய ஸ்டாண்ட், கேமராவை மாட்டியதும் மெல்லத் தலைகுனியும்; அவ்வளவு மரியாதை. பையின் ஜிப் திறக்கும், மூடாது. போன மாதம் வந்தது, யாரும் கேள்விப்படாத கம்பெனியின் ஃப்ளாஷ். அதன் திரையில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட என்னை உரிக்க விடவில்லை.

"இருக்கட்டும். திருப்பி விக்கும்போது நல்ல விலைக்குப் போகும்" என்றார்.

நியாயமாகச் சொன்னால், அந்த ஃப்ளாஷ் நன்றாகத்தான் வேலை செய்தது. அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் இன்னும் மூன்று வாங்குவார்.

என் அண்ணனும் போட்டோகிராபர்தான். பெரிய கம்பெனி சாமான் தவிர வேறெதையும் கையால் தொடாதவன். "மாப்ள, இந்தக் குப்பையைத் தூக்கிட்டு நாலு பேர் முன்னாடி நிக்காதீங்க. எனக்கு மானம் போகுது" என்று என் வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான். இவர் சிரித்துவைத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் புருஷனைத் திட்டும் உரிமை எனக்கு மட்டும்தான்.

ஒரு பெயின்ட் கம்பெனி, வருஷம் முழுக்கத் தங்களுக்குப் படம் எடுக்க ஆள் தேடியது. அந்த வேலை கிடைக்காவிட்டால் எங்கள் ஸ்டுடியோவை இழுத்து மூட வேண்டியதுதான். மேனேஜரம்மா இவரையும் அண்ணனையும் ஒரே ஹாலில், ஆளுக்கொரு மூலையில், ஊழியர்களைப் படம் எடுத்துக் காட்டச் சொன்னார்.

நான் ஃப்ளாஷைப் பிடித்து நிற்க, இவர் கேமராவை அமுக்கினார். எங்கள் ஃப்ளாஷ் அடித்தது. எதிர்மூலையில் அண்ணனுடையதும் சேர்ந்து அடித்தது, டீ குடித்துக்கொண்டிருந்த மேனேஜரம்மாவின் முகத்தில். மறுபடி அமுக்கினார். மறுபடியும் அதே கதை.

"என்ன இது?" என்றார் மேனேஜரம்மா, கண்ணைக் கசக்கிக்கொண்டு.

"அவங்களுது மட்டமான சாமான் மேடம். பக்கத்துல இருந்தா நல்ல லைட்டையும் கெடுத்துடும்" என்றான் அண்ணன், கொஞ்சமும் கூசாமல்.

மேனேஜரம்மா எங்கள் பக்கம் திரும்பினார். "அப்ப நீங்க கிளம்பலாம்."

ஃப்ளாஷைப் பிடித்தே காலம் தள்ளுகிறவள் நான், எனக்குத் தெரியாதா? கம்பியில்லாமல் அடிக்கும் இந்த ஃப்ளாஷ்களில், ஒரே கம்பெனி, ஒரே சேனல் என்றால்தான் ஒன்றின் பேச்சை இன்னொன்று கேட்கும். பெட்டியிலிருந்து வரும்போது எல்லாமே ஒன்றாம் சேனலில் இருக்கும். அதை மாற்றும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை.

நேராகப் போய் அண்ணனின் ஃப்ளாஷைக் கையில் எடுத்தேன்.

"ஏய், அதைத் தொடாதே!"

மேலே இருந்த பெரிய கம்பெனி ஸ்டிக்கர், நகம் பட்டதுமே உரிந்து வந்தது. அடியில் எங்கள் ஃப்ளாஷ் கம்பெனியின் பெயர். திரையில் அதே பிளாஸ்டிக் தாள்.

மேனேஜரம்மா இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணுதானா? அப்புறம் எதுக்கு சார் நீங்க மட்டும் டபுள் ரேட் கேட்டீங்க?"

வேலை எங்களுக்கு வந்தது. அண்ணன் யாரையும் பார்க்காமல் சாமான்களைப் பையில் போட்டான். படியிறங்கும்போது இவர் ஓடிப்போய் அவன் தோளைப் பிடித்தார். ஆறுதல் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"மச்சான், நீங்க எவ்வளவுக்கு வாங்கினீங்க?"

"தள்ளுபடியில, மாப்ள. பாதி விலை."

ஸ்டுடியோ பிழைத்துக்கொண்டது. இவர்தான் இன்னும் தேறவில்லை.