ஒரு கணமும் தயங்காமல்

1

இந்தக் கதைக்குக் காரணம் ஒரு பேனா மூடி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஏதோ மனிதகுலத்தைப் பற்றிக் கவலைப்பட்டு எழுத உட்கார்ந்தேன் என்று நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள். நானும் மறுக்காமல் இருந்துவிடுவேன். என் குணம் எனக்குத் தெரியும்.

எங்கள் கால்பந்து லீக்கின் கடைசி ஆட்டம், கடைசி நிமிடம், பெனால்டி. கோல்கீப்பர் கோட்டில் நிற்கிறார். எதிரே பந்தை வைத்துவிட்டு அவருடைய மச்சான் ஐந்தாறு அடி பின்னால் நடக்கிறார். அந்த நேரம் பார்த்து என் பேனா மூடி கழன்று பெஞ்சுக்கு அடியில் உருண்டது. குனிந்தேன். தேடி எடுத்து நிமிர்ந்தபோது மைதானமே கத்திக்கொண்டிருந்தது. பந்து கோலுக்கு வெளியே உருண்டுகொண்டிருந்தது. கோல்கீப்பர் தரையில் கிடந்தார்.

அன்று மாலை நான் எழுதிய செய்தியில் இப்படி ஒரு வாக்கியம் இருந்தது: "சொந்த அணி என்றும் பாராமல், சொந்த மச்சான் என்றும் பாராமல், ஒரு கணமும் தயங்காமல் இடப்பக்கம் பாய்ந்து பந்தைத் தடுத்தார்."

அந்த வாக்கியம் ஒன்பது மொழிகளுக்குப் போய்விட்டு வந்தது. எழுதியவன் இன்னும் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

2

[இந்தக் கதையை முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: "கதிரவன் மேற்கில் சாயும் வேளையில், அந்த மைதானத்தில் இருபத்திரண்டு கனவுகள்" இத்தோடு நிறுத்திவிட்டேன். இருபத்திரண்டாம். ஒரு பக்கத்தில் பத்துப் பேர்தான் வந்திருந்தார்கள்.]

நேராகவே சொல்லிவிடுகிறேன். எங்கள் லீக்கில் ஆறு அணிகள். ஆடுகிற எல்லோருக்கும் வேறு பிழைப்பு உண்டு. பார்க்க வருகிறவர்கள் நாற்பது பேர். அதில் முப்பது பேர் ஆடுகிறவர்களின் உறவுக்காரர்கள், மீதிப் பேர் நாயை நடத்திக் கூட்டிக்கொண்டு வந்தவர்கள். நடுவர் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறார். அதை வைத்து எல்லாரும் சொல்லிவிட்ட நகைச்சுவையை நானும் சொல்லப்போவதில்லை.

நான் ஒரு சின்னப் பத்திரிகையில் வரி விளம்பரம் வாங்கும் மேசையில் இருக்கிறேன். வீடு வாடகைக்கு, பழைய ஃபிரிட்ஜ் விற்பனைக்கு, கண்ணீர் அஞ்சலி. அஞ்சலி எழுதத் தெரியாமல் நிற்கும் குடும்பங்களுக்கு நானே எழுதிக் கொடுப்பேன். திங்கட்கிழமை லீக் செய்தியை வேறு யாரும் எழுத வராததால் அதுவும் என் தலையில் விழுந்தது.

(* "ஒரு கணமும் தயங்காமல்" என்பது என் அஞ்சலிச் சரக்கு. "பிறருக்கு உதவ ஒரு கணமும் தயங்காதவர்" என்று இதுவரை இருநூறு பேரையாவது வழியனுப்பியிருக்கிறேன். அதில் பத்துப் பேராவது தயங்கியிருப்பார்கள்.)

எங்கள் லீக்கில் ஒரு வழக்கம் உண்டு. எதிரணிக்கு ஆள் குறைந்தால், அதிகமாக வந்திருக்கும் அணி ஓர் ஆளைக் கொடுக்க வேண்டும். அதற்குக் கைமாத்து ஆள் என்று பெயர். அந்த ஆள் எதிரணிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தன் அணிக்கு எதிராகவே ஆடுவார். இந்த வழக்கம் இல்லாவிட்டால் எங்கள் லீக்கில் பாதி ஆட்டங்கள் நடக்கவே நடக்காது.

கடைசி ஆட்டம் பேக்கரி அணிக்கும் பஸ் டிப்போ அணிக்கும். ஜெயித்தால் பேக்கரிக்கு முதல்முறையாகக் கோப்பை, சமன் ஆனால் டிப்போவுக்கு. டிப்போவின் கோல்கீப்பர் டிரைவர். பஸ் பாதி வழியில் நின்றுவிட, பயணிகளோடு சேர்ந்து தள்ளிக்கொண்டிருந்தார். பேக்கரியில் கோல்கீப்பர்கள் இரண்டு பேர். அணித் தலைவர் முன்னால் நின்று கோல் அடிக்கிறவர், அடுப்படியில் ரொட்டி போடுகிறவர், நாற்பத்தொரு வயது, அதுதான் அவருக்குக் கடைசி ஆட்டம். கொஞ்சமும் யோசிக்காமல் இரண்டாவது கோல்கீப்பரைக் கைமாத்தாகக் கொடுத்தார். அது வேறு யாருமில்லை, லிஃப்ட் மெக்கானிக்காக இருக்கும் தன் தங்கை கணவர்.

"நம்ம வீட்டு ஆளுதானே. அவன் நின்னா கோல் திறந்து கெடக்கிற மாதிரிதான்" என்று என் காதுபடவே சொன்னார்.

மச்சானான அந்தத் தலைவர் அடித்த பெனால்டியைத்தான் அந்த மாப்பிள்ளை தடுத்தார். ஆட்டம் சமன். கோப்பை டிப்போவுக்குப் போனது.

3

வெளிநாட்டு விளையாட்டு இணையதளம் ஒன்று முதலில் எடுத்துப் போட்டது. "உலகின் மிக நேர்மையான கோல்கீப்பர்" என்று தலைப்பு. பிறகு ஒரு வானொலி. அவர்கள் அழைத்தபோது கோல்கீப்பர் ஏதோ கட்டடத்தில் லிஃப்ட் குழிக்குள் இறங்கியிருந்தார். அவருடைய ஆழமான, எதிரொலிக்கும் குரலை நிகழ்ச்சியில் தனியாகப் பாராட்டினார்களாம். அடுத்து ஒரு வார இதழ், "நேர்மை இன்னும் மூச்சுவிடும் புழுதி மைதானம்" என்று நான்கு பக்கம் போட்டது. மைதானத்தில் கோடு போடுகிறவருக்கு அதில் மகா வருத்தம்.

"காலைல ஆறு குடம் தண்ணி தெளிச்சேன் சார். அத ஒருத்தன் எழுதலையே. புழுதியாமே புழுதி."

வேடிக்கை என்னவென்றால், ஒரு மாதத்துக்குள் நாற்பது பேருக்கும் நான் எழுதியதே நினைவாகிவிட்டது. நடுவர் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். "அப்படியே பறந்தாரு சார், இடது பக்கம்." செல்போனில்கூட யாரும் படம் எடுத்திருக்கவில்லை. எடுக்கிற அளவுக்கு எங்கள் ஆட்டத்தில் எதுவும் இருப்பதில்லை.

மச்சான் மட்டும் பார்க்கவில்லை. பெனால்டி அடித்த கையோடு திரும்பி நின்றுகொள்வது அவர் பழக்கம். பந்து வலையில் விழும் சத்தத்தைக் கேட்டால் போதும், அத்தனை நம்பிக்கை. அன்று சத்தம் வரவில்லை. என்ன நடந்தது என்பதை மறுநாள் பத்திரிகையில் படித்துத்தான் தெரிந்துகொண்டார். அதாவது என்னிடமிருந்து.

ரொட்டி வாங்கப் போனபோது என்னைக் கேட்டார்.

"தடுத்தான், சரி. கோல்ல நிக்கிறவன் தடுக்கத்தான் செய்வான். அதுல எனக்குக் கோவமே இல்ல. ஆனா ஒரு கணம்கூட தயங்கலையாமே சார்? நீங்கதானே எழுதியிருக்கீங்க? தங்கச்சியக் கட்டிக் குடுத்து பதினோரு வருஷம் ஆகுது. ஒரு கணம்கூடவா?"

நான் ரொட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாளிலிருந்து வேறு கடையில் வாங்க ஆரம்பித்தேன்.

அவர் தங்கை வீட்டுப் பக்கம் போவதை நிறுத்தினார். மாப்பிள்ளையைப் பற்றிப் பேச்சு வந்தால் "அந்த கோல்கீப்பர்" என்றார். நான்கு மாதம் இப்படியே போயிற்று.

4

[லிஃப்டுக்குள் வைத்து ஒருவர் மனம் திறப்பது மலிவான உத்தி. தெரியும். இதைப் பூங்காவுக்கு மாற்றிப் பார்த்தேன். பூங்காவில் அவர் பேச மறுத்துவிட்டார். நடந்தது லிஃப்டில்தான், விட்டுவிடுங்கள்.]

எங்கள் அலுவலக லிஃப்ட் பழுது. இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நிறுத்தி வைத்து, கோல்கீப்பர் கதவின் உருளையைத் துடைத்துக்கொண்டிருந்தார். எண்ணெய் டப்பாவைப் பிடிக்கச் சொல்லி என்னை உள்ளே கூப்பிட்டார்.

"அண்ணே, நீங்க அன்னிக்கு நல்லா பாத்தீங்களா?"

"என்ன தம்பி இப்படிக் கேக்கறீங்க?"

"நான் இடது பக்கம் விழல. வலது பக்கம் விழுந்தேன்."

எண்ணெய் டப்பா என் கையில் கொஞ்சம் சாய்ந்தது.

"மச்சான் எப்பவும் எனக்கு இடது பக்கம்தான் அடிப்பாரு. பயிற்சில பதினோரு வருஷமா நான்தான் நிக்கறேன், எனக்குத் தெரியாதா? கடைசி ஆட்டம், அவருக்குக் கோப்பை கிடைக்கட்டும்னு வேணும்னேதான் வலது பக்கம் விழுந்தேன்."

"அப்புறம் பந்து எப்படி...?"

"கால் அங்கயே இருந்துடுச்சுண்ணே. குதிகால்ல பட்டுப் போயிடுச்சு."

உலகின் மிக நேர்மையான கோல்கீப்பர் ஒரு பழந்துணியால் கையைத் துடைத்துக்கொண்டார். விட்டுக்கொடுக்கப் பார்த்து, அதிலும் தோற்றுப்போன ஒருவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"மச்சான்கிட்ட சொல்லிடுங்களேன்" என்றேன்.

"சொன்னா அடுத்த நிமிஷம் எங்க வீட்டுக்கு வந்துடுவாரு. ஆனா அவரு வாயில எதுவும் நிக்காதுண்ணே. சாயங்காலத்துக்குள்ள ஊருக்கே தெரியும். அப்புறம் எவன் கைமாத்து ஆள நம்புவான்? டிப்போக்காரங்க என்னை நம்பித்தானே சட்டையக் குடுத்தாங்க." உருளையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "சொல்லாம இருந்தா, என் பொண்டாட்டிக்கு அண்ணன் இல்ல. அவ ஒண்ணும் கேக்க மாட்டா. அதுதான் தாங்கல."

அப்போதாவது நான் குனிந்திருந்ததைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மூடியோடு பேனாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு இறங்கிப் போனேன். இறங்க ஸ்டூல் போட வேண்டியிருந்தது.

5

வெளிநாட்டுத் தொலைக்காட்சியிலிருந்து ஒரு பெண் நிருபர் வந்தார். கூட ஒரு கேமராக்காரர், ஒரு மொழிபெயர்ப்பாளர்.

முதல் பிரதியில் இந்த நிருபரை வில்லியாக்கியிருந்தேன். கறுப்புக் கண்ணாடியெல்லாம் மாட்டிவிட்டேன். அழித்துவிட்டேன், ஏனென்றால் அவர் நல்லவர். புதுக் காலணி கடித்த குதிகாலோடு நொண்டிக்கொண்டே எல்லோரையும் பொறுமையாகக் கேட்டார். சரியான கேள்விகளைக் கேட்டார், அதுதான் சங்கடம்.

"நீங்க எங்க உக்காந்திருந்தீங்கன்னு கேக்கறாங்க" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

"இதே பெஞ்சுலதான்."

"இங்கேருந்து தெளிவா தெரிஞ்சுதான்னு கேக்கறாங்க."

"தெள்ளத் தெளிவா."

என்னை அவர்கள் பதினோரு நொடி படம் பிடித்தார்கள். அதற்காக ஒரு சட்டை வாங்கியிருந்தேன். காலரில் அட்டையை எடுக்க மறந்துவிட்டேன் என்பதை என் மனைவிதான் பிறகு சொன்னாள்.

காட்சி எதுவும் இல்லாததால் அந்தப் பெனால்டியை மறுபடி நடத்திக்காட்டச் சொன்னார்கள். மச்சான் முதலில் மறுத்தார். தங்கை நேரில் போய்க் கேட்ட பிறகு வந்தார். அந்த அம்மாள் மைதானத்தின் ஓரத்தில் இரண்டு தண்ணீர் பாட்டிலோடு நின்றார். ஒன்று கணவருக்கு, ஒன்று அண்ணனுக்கு.

மச்சான் அடித்தார், திரும்பி நின்றார். கோல்கீப்பர் நான் எழுதியபடியே இடப்பக்கம் பாய்ந்தார். கோல். இன்னொரு முறை. கோல். ஏழு முறை அடித்து ஏழும் கோல். பாவம், எந்தப் பக்கம் வருகிறது என்று தெரிந்தும் அவரால் ஒன்றைக்கூடத் தொட முடியவில்லை. ஒவ்வொரு முறையும் வலைச் சத்தத்தை மச்சான் முதுகால் கேட்டார்.

பிறகு நிருபர் ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்பாளர் மச்சானிடம் வந்தார்.

"இந்த தடவை திரும்ப வேணாமாம். உங்க முகம் வேணுமாம். பாத்துக்கிட்டே நிக்கச் சொல்றாங்க."

கோல்கீப்பர் கையுறையைக் கழற்றி மாட்டுவதுபோல் என் பெஞ்சுக்கு வந்தார். மெதுவாகக் கேட்டார்.

"அண்ணே, நீங்க எழுதின மாதிரி விழட்டுமா, நான் விழுந்த மாதிரி விழட்டுமா?"

6

இங்கே மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவில் அவர் வலப்பக்கம் விழுகிறார், குதிகாலில் பந்து படுகிறது, மச்சானுக்கு எல்லாம் புரிகிறது, இருவரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். வாசித்தபோது எனக்கே அழுகை வந்தது. அதனால் கிழித்துவிட்டேன். ஏழு முறை கையில் படாத பந்து எட்டாம் முறை குதிகாலில் பட்டது என்றால் நீங்கள் சும்மா விடுவீர்களா?

இரண்டாவதில் மழை வந்துவிடுகிறது. வெட்கம்கெட்ட முடிவு.

மூன்றாவதில் நான் ஒரு உரை நிகழ்த்துகிறேன். "நண்பர்களே, உண்மை என்பது" என்று தொடங்கி

வேண்டாம்.

7

நடந்தது இதுதான். நான் எழுந்தேன். மைதானத்துக்குள் நடந்தேன். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. மச்சானிடம் போய், உரை எதுவும் இல்லாமல் சொன்னேன்.

"நான் அன்னிக்குப் பாக்கல. பேனா மூடி விழுந்துச்சு, குனிஞ்சிருந்தேன். தயங்கலன்னு நானா எழுதினது. செத்தவங்களுக்கு எழுதி எழுதி அந்த வார்த்தை கையோட வந்துடுச்சு. அவரு தயங்கினாரா இல்லையான்னு எனக்குத் தெரியாது."

மச்சான் என்னைப் பார்த்த பார்வையை இங்கே விவரிக்கலாம். விவரிக்க மாட்டேன், எனக்குக் கொஞ்சம் மானம் பாக்கியிருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் மொழிபெயர்த்தார். நிருபர் குறிப்பேட்டில் ஏதோ அடித்தார், அநேகமாக என் பதினோரு நொடியை. அதோடு நிற்காமல் கேமராக்காரரிடம் ஒரு விரலைக் காட்டினார். நிறுத்தாதே என்று பொருள்.

ஒன்று சொல்ல வேண்டும். கோல்கீப்பர் லிஃப்டில் சொன்னதில் ஒரு சொல்லையும் நான் வெளியே விடவில்லை. அது அவருடையது. என்னுடையதைத்தான் எடுத்துப்போட்டேன்.

(* அதைத்தான் இப்போது முழுசாக எழுதிவிட்டாயே என்று கேட்பீர்கள். இது கதை. கதை எழுதுகிறவன் சொன்னதை யார் நம்புகிறார்கள்? பத்திரிகையில் எழுதியதைத்தான் நம்பினார்கள்.)

மச்சான் பந்தை மறுபடி வைக்கவில்லை. காலால் அதை அழுத்திக்கொண்டு கோலைப் பார்த்து நின்றார். ஓரத்தில் அவர் தங்கை இரண்டு பாட்டில்களையும் ஒரே கையில் மாற்றிப் பிடித்தார். நான்கு மாதத்தில் முதல்முறையாக மச்சான் கோல்கீப்பரை அழைத்தார்.

"மாப்ள."

கோல்கீப்பர் நிமிர்ந்தார்.

"தயங்கினியா?"

கேமரா பார்த்துக்கொண்டிருந்தது. மொழிபெயர்ப்பாளர் வாயைத் திறந்து தயாராக நின்றார். நடந்ததை முழுக்கச் சொன்னால் மச்சான் வீட்டுக்கு வருவார், கைமாத்து போய்விடும். "இல்ல" என்றால் கைமாத்து இருக்கும், மனைவிக்கு அண்ணன் இல்லை. வெறும் "ஆமா" என்றால் போதுமா, அதற்கு மேல் யாராவது கேட்பார்களா, அதுவும் தெரியாது.

அவர் என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியும். இந்த முறை பேனாவை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன். குனியாமல், கண்ணை எடுக்காமல் பார்த்தேன், காதாரக் கேட்டேன். ஆனாலும் எழுதப்போவதில்லை. அந்த மூன்று பேரைப் பற்றி நான் ஒரு முறை எழுதியதே போதும்.

கடைசி வரியை உங்களிடம் விடுகிறேன். பாதி எழுதி வைத்திருக்கிறேன், மீதியை நிரப்பிக்கொள்ளுங்கள்: "கோல்கீப்பர் மச்சானைப் பார்த்து, ............... என்றார்."

ஒரே ஒரு வேண்டுகோள். எதை எழுதுவதாக இருந்தாலும், எழுதுவதற்கு முன் ஒரு கணம் தயங்குங்கள்.