ஒன்பதாவது நிமிஷம்

டிப்போவில் பஸ்ஸின் பக்கவாட்டு மூடியை மேலே தூக்கிவிட்டு யாரோ சரியாகக் கொக்கி மாட்டாமல் விட்டிருந்தார்கள். டிரைவரம்மா டயரைக் குனிந்து பார்த்துவிட்டு நிமிரும்போது அது நேரே உச்சந்தலையில் இறங்கியது. ரத்தம் இல்லை. சாயங்காலம் வாந்தி எடுத்த பிறகுதான் கணவன் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனான். ஸ்கேனில் எந்தக் கோளாறும் இல்லை.

"உள்ளே ஒண்ணுமே இல்லைன்னு எழுதியே கொடுத்துட்டாங்களா? நான் சின்ன வயசுலேர்ந்து சொல்றேன், யாராவது கேட்டீங்களா?" என்றான் தம்பி. அன்றைக்கு அவளும் சிரித்தாள்.

பத்து வாரம் கழித்து அந்தச் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. பாத்திரம் விழுந்தால் மண்டைக்குள் இடி. அடுப்பில் பால் வைத்ததே மறந்துபோயிற்று. பார்க்க வந்தவர்கள் எல்லாரும், "நல்லாத்தானே இருக்கே?" என்றார்கள். ஒருவேளை நாம்தான் நடிக்கிறோமோ என்று அவளுக்கே சந்தேகம் தட்டியது.

அப்போதுதான் ஆஸ்பத்திரியில் ஒரு ஆராய்ச்சியில் சேரச் சொன்னார்கள். தலையில் அடிபட்டு வாரக்கணக்கில் தேறாத பெரியவர்களுக்கானது. டிரெட்மில் என்கிற ஓடுபட்டையில் இருபது நிமிஷம் வரை நடக்க வேண்டும். நிமிஷத்துக்கு நிமிஷம் வேகமும் ஏற்றமும் கூடும். தலைவலி கூடுகிற இடத்தில் நாடித்துடிப்பு எவ்வளவு என்று பார்த்து, அதற்குச் சற்றுக் கீழே தினமும் இருபது நிமிஷம் வீட்டில் பயிற்சி.

பயிற்சியாளரம்மா மார்பில் துடிப்பை அளக்கும் பட்டை கட்டிவிட்டு, நிமிஷத்துக்கு ஒருதரம், "வலி பத்துக்கு எத்தனை?" என்று கேட்டார்.

"ரெண்டு."

ஒன்பதாவது நிமிஷத்தில் வலி ஐந்துக்கு ஏறியது. அப்போதும் "ரெண்டு" என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு பதினைந்து நிமிஷத்தை ஓட்டிவிட்டாள். இதில் தேறினால் சீக்கிரம் ஸ்டியரிங்கைப் பிடிக்கலாம் என்று அவளாகவே ஒரு கணக்குப் போட்டிருந்தாள்.

அந்தப் பொய்யை வைத்துத்தான் வீட்டுப் பயிற்சி எழுதிக் கொடுத்தார்கள். நாலே நாளில் படுக்கையில் விழுந்தாள். கணவனுக்குப் பொறுக்கவில்லை.

"தேறிட்டு இருந்தவளைக் கெடுத்துட்டாங்க. போய் நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டாத்தான் எனக்கு ஆறும்."

அவன் செருப்பை மாட்டுவதைப் பார்த்ததும் அவள் எழுந்து உட்கார்ந்தாள். "நில்லுங்க. அவங்க மேல தப்பில்லை. வலிச்சுது, நான் சொல்லலை."

அவன் ஒற்றைச் செருப்போடு நின்றான். "பஸ் எங்கேயும் ஓடிப் போயிடாதுடி," என்றான் கடைசியில்.

இருவருமாகப் போய்ச் சொன்னார்கள். டாக்டரும் வந்தார். ஆராய்ச்சியிலிருந்து பேரை அடித்துவிடுவார்கள் என்றே அவள் நினைத்தாள். டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

"சொன்னது நல்லதாப் போச்சு. அன்னிக்கு எடுத்த அளவு தப்புன்னு குறிச்சு வெச்சுடுவோம். இந்த மெஷின்ல பாஸும் இல்லை, ஃபெயிலும் இல்லைம்மா. எங்கே வலிக்குதுன்னு தெரிஞ்சாத்தான் எங்களால வழி சொல்ல முடியும்."

ஒரு வாரம் ஓய்வெடுத்துக்கொண்டு மறுபடி ஏறினாள். ஒன்பதாவது நிமிஷம், "இப்பக் கூடுது," என்றாள். ஓடுபட்டை நின்றது. திரையில் நாடித்துடிப்பு நூற்றுப் பன்னிரண்டு.

"போன தடவையும் இங்கேதான் ஆரம்பிச்சுதா?"

"ஆமா. இதே ஒன்பதாவது நிமிஷம்."

"அடிபட்டவங்களுக்கு இப்படி ஒரே இடத்துல வந்து முட்டும். அதைத்தான் தேடிட்டிருந்தோம்," என்றார் பயிற்சியாளரம்மா.

"அப்போ நான் நடிக்கலையா?" என்று கேட்கும்போதே அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை வாரப் பாரத்தை யாரோ தோளிலிருந்து இறக்கி வைத்த மாதிரி இருந்தது. கணவன் கைக்குட்டையைத் தேடி, கிடைக்காமல், சட்டை நுனியை நீட்டினான்.

பிறகு முதலில் துடிப்பு தொண்ணூறைத் தாண்டாமல் நடந்தாள். சில நாள் எரிச்சலாகத்தான் இருந்தது; கைத்தடி ஊன்றியவர்கள்கூட முந்திப் போனார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அளந்தார்கள். வலி தொடங்கும் துடிப்பு ஏறிக்கொண்டே வந்தது: நூற்று இருபத்தாறு, நூற்று நாற்பத்தெட்டு. எட்டாம் வாரம் இருபது நிமிஷமும் நடந்தாள். வலி அசையவே இல்லை. கண், கழுத்து, கவனம் எல்லாம் சோதித்து, காலி மைதானத்தில் ஓட்டச் சொல்லிப் பார்த்த பிறகே டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள் பஸ் பிதுங்கி வழிந்தது. ஒரு குழந்தை விடாமல் வீறிட்டது, பின்னால் லாரிக்காரன் ஹாரனை அழுத்தினான், படியோரத்துப் பெரியவர், "என்னம்மா, தேரா இழுக்கறே?" என்று சலித்துக்கொண்டார்.

"இதோ, வந்தாச்சுங்க," என்றாள் அவள், வாயெல்லாம் பல்லாக, கியரை மாற்றியபடி.