பெரியாயி வீட்டு மீன் தொட்டி

தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை சீமைக்குத் திரும்பிப் போகும்போது அந்தக் கண்ணாடித் தொட்டியையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு போயிருந்தால் ரெங்கம்மாவுக்கு வயிறு எரிந்திருக்காது. போன மனுஷன், தன் பிள்ளைகளை வளர்த்த ஆயாவாயிற்றே என்று மீன்களோடு அதைப் பெரியாயிக்குக் கொடுத்துவிட்டுப் போனார். மடுல்சீமை மலைப் பக்கம், தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக் காம்பராவில் தங்க மீன் வளர்த்தவள் அவள் ஒருத்திதான். சரி, அது அவள் யோகம். ஆனால் பங்களாவிலிருந்து கீழ் லயத்துப் பெரியாயி வீட்டுக்குச் சுமந்து வந்த குலுக்கலில் தொட்டி ஒழுகத் தொடங்கிவிட்டது. அதைச் சரிசெய்யத் தெரிந்த ஆள் தோட்டத்தில் ஒருவன்தான். பெக்டரி சன்னல்களுக்கெல்லாம் கண்ணாடி மாட்டுகிற அழகர். ரெங்கம்மாவின் புருஷன்.

அழகர் பெரியாயிக்குச் சொந்த அத்தை மகன். அவளைக் கட்டியிருக்க வேண்டியவன். அவள் அப்பன் ஆசைப்பட்டு வேறு தோட்டத்துக் கங்காணி மகனுக்குக் கொடுத்தான். அந்த மாப்பிள்ளை செத்துப்போக, அவள் வெறுங்கழுத்தோடு திரும்பி வந்தாள். ஊர் இதையெல்லாம் மறந்து வெகுகாலம் ஆகிறது. ரெங்கம்மா மறக்கவில்லை. பெரியாயி அவளை வாய் நிறைய "தங்கச்சி" என்பாள். முறைப்படி "அக்கா" என்று திருப்பிச் சொல்ல இவளுக்கு ஒருநாளும் நாக்கு வளைந்ததில்லை.

வேலை விட்டதும் அழகர் கீழ் லயத்துக்குப் போய்விடுவான். இரும்புச் சட்டத்தில் கண்ணாடியை ஒட்டியிருந்த பழைய புட்டிப் பசையைச் சுரண்ட ஒரு பொழுது, துரு தேய்க்க ஒரு பொழுது. சுண்ணாம்புத் தூளை ஆளிவிதை எண்ணெயில் பிசைந்து புதுப் புட்டி வைக்க இன்னொரு பொழுது. வீடு திரும்பினால் சட்டையெல்லாம் அந்த எண்ணெய் வாடைதான்.

"நம்ம சன்னலுக்கு ஒரு கண்ணாடி போடுங்கன்னு எத்தன வருஷமா கேக்குறேன்? இன்னும் பலகைய வச்சுத்தானே அடைச்சிருக்கேன்."

"பாவம் ரெங்கம்மா, மீனு வாளியில கெடந்து தவிக்குது."

"ஆமாங்க, மீனுதான் தவிக்குது."

அவன் குனிந்து சோற்றைப் பிசைந்தான். அவளை அவன் ஒருநாளும் அதட்டியதில்லை, வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் போலத்தான் நடத்துவான். மற்றப் பெண்கள் அவள் கொடுத்துவைத்தவள் என்றார்கள். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள், மலைத் தண்ணீர் கொட்டும் பீலியில் குடத்தை நிரப்பிக்கொண்டு கீழ் லயத்தைக் கடந்த அன்று வரைக்கும்.

"கைய எடுடி கழுத! காயுற வரைக்கும் யாரும் தொடக் கூடாது" என்று உள்ளே அழகரின் குரல் கேட்டது. கூடவே பெரியாயியின் சிரிப்பு. ரெங்கம்மாவுக்குக் குடம் இடுப்பில் நிற்கவில்லை. கட்டிய பெண்டாட்டியை இத்தனை காலத்தில் அவன் ஒரு தரம்கூட 'டி' போட்டுக் கூப்பிட்டதில்லை.

வெள்ளிக்கிழமை பீலியில் மஞ்சள் பூசிக் குளித்துவிட்டு, ஈரத்தலையோடு நேரே கீழ் லயத்துக்குப் போனாள். பெரியாயி புதுத் துரையின் பங்களாவுக்கு வேலைக்குப் போயிருந்தாள். கதவு சும்மா சாத்தியிருந்தது. தொட்டி வெள்ளை வெளேரென்ற புட்டியோடு காய்ந்துகொண்டிருந்தது. உள்மூலையில் கட்டை விரலை வைத்து ஆத்திரம் தீர அழுத்தினாள். நகம் கண்ணாடிவரைக்கும் இறங்கியது. இனி ஒழுகட்டும்! ஒழுகுகிற சனியனைத் தூக்கி எறிந்துவிட்டுப் பெரியாயி தன் பாட்டைப் பார்க்கட்டும் என்று நினைத்தாள். ஒழுகினால் மறுபடியும் யார் வந்து அடைக்க வேண்டும் என்பது அந்த நேரத்தில் அவளுக்கு உறைக்கவில்லை.

புட்டி இறுகியபின் தண்ணீர் ஊற்றிய நாளும் ஒரு வெள்ளிக்கிழமை. பார்க்காமல் இருக்க முடியாமல், மஞ்சள் குளித்த கையோடு ரெங்கம்மாவும் போய் நின்றாள். பாதி வாளி ஊற்றுவதற்குள் அந்த மூலை கசிந்தது. அழகர் குனிந்து பார்த்தான். வெள்ளைப் புட்டியில் கட்டை விரல் தடம், அதில் மஞ்சள் நிறம். காய்ந்து அப்படியே பதிந்திருந்தது. அவன் மெல்லத் தலை நிமிர்ந்தான். ரெங்கம்மா கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். பெரியாயி அதைப் பார்த்துவிட்டாள்.

"நாந்தான் மச்சான்" என்றாள் உடனே. "கொழம்புக்கு மஞ்சா அரைச்ச கையோட, காஞ்சிருச்சான்னு தொட்டுப் பாத்துட்டேன்."

"ஏண்டி, அறிவு கெட்ட கழுத! தொடாதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா?" அழகர் கத்தினான். பெரியாயி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஒன்னால திரும்பச் சுரண்டணும்டி!"

தப்பித்தோம் என்று ரெங்கம்மாவுக்கு நிம்மதி வரவில்லை. நெஞ்சுதான் பற்றி எரிந்தது. துரை கொடுத்த தொட்டியும் அவளுக்கு, புருஷனின் சாயங்காலமும் அவளுக்கு. இப்போது தனக்கு விழ வேண்டிய திட்டையும் அவளே வாங்கிக்கொண்டு சிரிக்கிறாள்.

"நீங்க சும்மா இருங்கக்கா" என்று ரெங்கம்மா முன்னே வந்து மஞ்சள் கையைப் புருஷனிடம் நீட்டினாள். "அது என் வெரலுங்க. நாந்தான் அமுக்கினேன்."

அழகர் வாளியைக் கீழே வைத்துவிட்டு அந்த விரலைப் பார்த்தான்.

"என்ன பாக்குறீங்க? திட்டுங்க" என்றாள் ரெங்கம்மா, கண்ணில் நீர் முட்ட. "டி போட்டுத் திட்டுங்க!"