சீமாட்டி ஏறிய படி

ஸ்காட்லாந்துக் கொள்ளையர் சுலபமாக ஏறிவிடக் கூடாது என்று ஏதோ ஒரு பிரபு கட்டிய கோட்டை வீட்டின் மாடிக் கூடத்துக்கு, ஒரு ஞாயிற்றுக்கிழமை டோர்க்கஸின் சினைமாடு ஏறிவிட்டது. இங்கிலாந்தின் வட எல்லையில், கம்பர்லாந்தில் அந்த வீடு பண்ணையாகிப் பல தலைமுறை ஆயிற்று. அகழியில் வாத்து, கூடத்தில் வைக்கோல். கதவைத் திறந்து போட்டவன் அவள் கணவன் ஆமோஸ். வைக்கோல் வாசனை பிடித்து, மாடு வெளிப்புறக் கற்படியில் தானாகவே ஏறிப் போயிருந்தது. அதற்குச் சீமாட்டி என்று பெயர் வைத்தவனும் அவன்தான்.

ஏறத் தெரிந்த மாட்டுக்கு இறங்கத் தெரியவில்லை. படியைப் பார்த்ததுமே கால் நடுங்கிப் பின்வாங்கியது. கயிறு, கெஞ்சல், ஓட்ஸ் வாளி, எதற்கும் மசியவில்லை. தேவாலயத்திலிருந்து திரும்பிய ஊரே கூடி, கடைசியில் கூடத்துக்கு ஏற்ற ஆள் வந்துவிட்டாள் என்று சிரித்தது. கசாப்புக்காரர் ஹெதரிங்டன் மட்டும் சிரிக்கவில்லை. மேலேயே வெட்டித் துண்டு துண்டாக இறக்க வேண்டியதுதான் என்றார். ஆமோஸ் மறுக்காமல் தலை குனிந்து நின்றான். டோர்க்கஸ் தன் பிறந்த வீட்டிலிருந்து ஓட்டி வந்த மாடு அது, இன்றோ நாளையோ ஈனப் போகிறது.

அந்தப் படிகளை அவள் சனிக்கிழமைதோறும் முழங்காலிட்டுத் தேய்த்து, ஓரத்தில் வெள்ளைக்கல்லால் சுருள் கோடு போடுவாள். அந்த வட்டாரத்தில் ஒரு பெண்ணின் மானமே அந்தக் கோட்டில்தான். ராஜாவா வருகிறார் என்று ஆமோஸ் வாராவாரம் கிண்டல் செய்வான். டோர்க்கஸ் படிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மண்வாரியை எடுத்து, எருக்குழியிலிருந்து அள்ளி, நேற்றுப் போட்ட கோட்டின் மேலேயே கொட்டினாள்.

“படி கண்ணுல படுற வரைக்கும் அது இறங்காது. எல்லாத்தையும் மூடிச் சரிவா ஆக்குங்க. வேடிக்கை பாத்தது போதும்.”

ஞாயிற்றுக்கிழமை உடுப்போடு ஊரே எரு சுமந்தது. பொழுது சாயும் நேரத்தில் சீமாட்டி அந்தச் சரிவில் நிதானமாக, யாரையும் பார்க்காமல் இறங்கி வந்தாள். புதன்கிழமை கொட்டிலில் கன்று ஈன்றாள்.

சனிக்கிழமை டோர்க்கஸ் பால் கறந்துவிட்டு வந்தபோது, ஆமோஸ் படியில் முழங்காலிட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். சாலையில் போன ஹெதரிங்டன் வண்டியை நிறுத்தினார்.

“என்னப்பா ஆமோஸ், ராஜாவா வர்றாரு?”

ஆமோஸ் வெள்ளைக்கல்லைக் கையில் எடுத்தான்.

“டோர்க்கஸ், இந்தச் சுருளு எந்தப் பக்கம் வளையணும்?”

வலப்பக்கம் என்றாள். கோணல்மாணலாகத்தான் போட்டான். அவள் அதை அழித்து மறுபடி போடவில்லை.