வேண்டாம் என்றாலும் வரலாம்

1

வேறொரு வேலையைத் தட்டிக்கழித்ததில் வந்த கதை இது. நண்பர் ஒருவர் தம் வலைத்தளத்துக்குக் குக்கி அறிவிப்பைத் தமிழில் எழுதித் தரச் சொன்னார். நாலு வரி சமாசாரம். எந்தத் தளத்தைத் திறந்தாலும் கீழேயிருந்து ஒரு பலகை எழும்பி, 'ஏற்கிறேன், மறுக்கிறேன்' என்று வழிமறிக்குமே, அதுதான். நானும் உட்கார்ந்தேன். 'உங்களை நினைவில் வைத்துக்கொள்ள அனுமதிப்பீர்களா?' என்று முதல் வரி வந்து விழுந்தது. அவ்வளவுதான், அதற்கு மேல் ஓடவில்லை. இதையெல்லாம் ஒரு கடைக்காரன் வாடிக்கையாளரிடம் கேட்பானா? இப்படிக் கேட்பதற்கென்று வேறு ஆட்கள் இருக்கிறார்களே என்று தோன்றிவிட்டது.

நண்பருக்கு அறிவிப்பு இன்னும் போய்ச் சேரவில்லை. அவர் கூப்பிட்டால் நான் போனை எடுப்பதுமில்லை.

2

முதல் தொடக்கம்: 'அக்கா கல்லாவில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மழை அவளுடைய மனதின்'

போதும். ஏக்கம் என்றதும் ஒரு மழையைக் கொண்டுவந்து கொட்டிவிடுவதா? நிறுத்தியாயிற்று.

இரண்டாவது: 'குக்கி என்பது ஒரு வலைத்தளம் உங்கள் உலாவியில் விட்டுவைக்கும் சிறு குறிப்பு. அடுத்த முறை நீங்கள்'

இது நண்பருக்குப் போக வேண்டியது.

மூன்றாவது: அக்கா கல்லாவில் உட்கார்ந்து கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா ஆரம்பித்த மெத்தைக் கடை அது. அவர் போனபின் அக்காதான் பார்க்கிறாள். வெளியே நல்ல வெயில். இப்படியே போகட்டும்.

3

கடைக்கு வலைத்தளம் போட்டுக் கொடுத்தது அவளுடைய கொழுந்தன். தொழிலே அதுதான் அவனுக்கு. யார் வந்தார்கள், எந்தப் பக்கத்தைப் பார்த்தார்கள் என்று காட்டுகிற ஒரு திரையையும் திறந்து காட்டியிருந்தான். பெயர் இருக்காது, ஆளுக்கொரு நீண்ட எண் இருக்கும்.*

அந்த எண்களில் ஒன்றின் மேல்தான் அக்காவுக்கு உயிர். அது விலைப்பட்டியலைத் திரும்பியும் பார்க்காது. நேரே 'எங்களைப் பற்றி' பக்கத்துக்குப் போகும். அங்கே ஒரு பழைய படம்: அடுக்கி வைத்த மெத்தைகளின் உச்சியில் இரண்டு சிறுமிகள், கீழே இடுப்பில் கைவைத்து முறைக்கிற அப்பா. அந்தப் படத்தில் ரொம்ப நேரம் நிற்கும். பிறகு இருவர் படுக்கும் பஞ்சு மெத்தை ஒன்றை எடுத்துத் தளத்தின் கூடையில் போடும். வாங்காது. போய்விடும்.

படத்தில் இருக்கும் இன்னொரு சிறுமி அவள் தங்கை. இருவரும் பஞ்சு மெத்தையொன்றில் ஒட்டிப் படுத்து, உதைத்துக்கொண்டு, போர்வைக்குச் சண்டைபோட்டு வளர்ந்தவர்கள். அந்த எண் தங்கைதான் என்று அக்கா முடிவே கட்டிவிட்டாள். எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை. ஆனால் எழுதுகிறவன் பேச்சைப் பாத்திரங்கள் என்றைக்குக் கேட்டிருக்கின்றன?

(*அந்த எண்ணைத் தளம் வருகிறவரின் போனிலேயே குக்கியாக விட்டுவைக்கும். அடுத்த முறை போன் அதைக் காட்டினால், 'போன தடவை வந்தவர்தான்' என்று தெரியும். இந்தக் கதையிடம் அப்படி எதுவும் இல்லை. நீங்கள் இதை இரண்டாம் முறை படித்தாலும் அதற்கு நீங்கள் புது ஆள்தான்.)

4

சண்டையைச் சொல்லாமல் தீராது.

'மருத்துவமனையின் நீண்ட வெண்ணிற நடைபாதையில், விதி'

விதியை எதற்கு இழுப்பது? நடந்தது இதுதான். அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது தங்கை வெளியூரிலிருந்து வரத் தாமதமாயிற்று. வந்து சேர்ந்தபோது அவர் கண்ணை மூடிவிட்டிருந்தார். அத்தனை சொந்தக்காரர்கள் முன்னால் அக்கா சொன்னாள்: "இவ்ளோ நாள் வராதவ இப்ப மட்டும் எதுக்கு வந்தே? இனிமே இந்தப் பக்கமே வராதே!"

சின்ன வயதிலிருந்து அக்கா சொன்ன ஒரு சொல்லையும் கேட்காதவள், அன்றைக்கென்று பார்த்துக் கேட்டுக்கொண்டாள். வரவேயில்லை. போன் நம்பரும் மாறிவிட்டது. வீராப்பெல்லாம் வடிந்தபின் அக்காவுக்கு மிஞ்சியது அந்த எண் ஒன்றுதான்.

5

கொழுந்தன் வந்தான். வரும்போதே குண்டைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"அண்ணி, சட்டப்படி இனிமே கேக்காம யார் பின்னாடியும் போகக் கூடாது. பலகை வெக்கணும். சரின்னா எண்ணு குடுப்போம், வேண்டாம்னா கிடையாது."

"பழைய ஆளுங்களையுமா கேக்கணும்?"

"எல்லாரையும்தான்."

அக்கா கொஞ்ச நேரம் பில் புத்தகத்தை நோண்டினாள். "அந்த 'வேண்டாம்' பட்டனைக் கொஞ்சம் சின்னதா, மங்கலா வெச்சா என்ன?"

"நெறைய பேரு அப்படித்தான் வெக்கிறாங்க. பித்தலாட்டம், அண்ணி. ரெண்டும் ஒரே அளவுதான் இருக்கணும்."

"ஏன் தம்பி, இப்பவே ஒருத்தருக்கு நம்ம நெனப்பு வேண்டாம்னா என்ன பண்ணுவாங்க?"

"செட்டிங்ஸ்ல போயி எல்லாக் குக்கியையும் அழிச்சுடலாம். இல்ல, நம்ம தளத்தோடதை மட்டும் அழிக்கலாம். தனி ஜன்னல்னு ஒண்ணு இருக்கு, அதுல வந்தா மூடினதும் தடயமே இருக்காது."

"அப்போ இத்தனை நாளா அழிக்கலைன்னா..." அக்காவின் முகம் சட்டென்று மலர்ந்துவிட்டது.

"முக்காவாசி பேருக்கு அப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாது, அண்ணி."

பாவி. பொய்யாவது சொல்லியிருக்கலாம்.

"கூடை இருக்கே?" அவள் விடவில்லை. "அதுவும் போயிடுமா?"

"போகாது. கூடைக்கு அனுமதி வேண்டாம், அது இல்லாட்டி கடையே நடக்காது. ஆனா அதை வெச்சு ஆளைக் கண்டுபிடிக்கக் கூடாது. வேண்டாம்னு சொன்னவங்க வீட்டு ஜன்னல்ல எட்டிப் பாக்கலாமா?" என்றவன் குரலைத் தாழ்த்தினான். "யாரு அண்ணி அது?"

அக்கா திரையில் அந்தப் பழைய படத்தைத் திறந்தாள். அவனும் படத்தைப் பார்த்தான், பிறகு கேட்கவில்லை.

6

இந்த இடத்தில் எனக்கு ஒரு கெட்ட யோசனை வந்தது. அந்த எண் தங்கையே இல்லை, உள்ளறையில் டேப்லட்டை வைத்துக்கொண்டிருக்கும் அம்மா என்றால்? தினமும் மகள்கள் இருவரையும் ஒரே படத்தில் பார்க்கிறாள்; மூடத் தெரியாமல் எதையோ அழுத்தப் போய் மெத்தை கூடையில் விழுகிறது. எழுதியும் பார்த்தேன். அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, 'சின்னவ எப்படி இளைச்சுப்போயிட்டா' என்று அந்தப் பழைய படத்தைப் பார்த்துச் சொல்கிறாள்.

அக்காவிடம் இதைப் போய்ச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. எழுதியதை அடித்துவிட்டேன். உங்களால் தாங்க முடியுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள்.

7

பலகையில் என்ன எழுதுவது என்று கொழுந்தன் அக்காவிடமே விட்டுவிட்டான். அவள் எழுதினாள்: 'நீங்கள் மறுபடி வரும்போது உங்களை அடையாளம் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறோம். சம்மதமா?' இரண்டு பட்டன்கள், ஒரே அளவில், ஒரே நிறத்தில். அவளே ஸ்கேலை வைத்து அளந்து பார்த்தாள்.

"தம்பி, வேண்டாம்னு அழுத்தினாலும் கடை தொறக்கும்தானே? படம் தெரியும்தானே?"

"எல்லாம் தெரியும், அண்ணி. வந்தது யாருன்னு நமக்குத் தெரியாது, அவ்ளோதான்."

அவள் கடைசியாக ஒரு வரி சேர்த்தாள். கொழுந்தன் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். "அண்ணி, ஊருக்கே போற பலகை இது. 'வேண்டாம்னாலும் வாடி'ன்னு போட முடியாது."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடேயே அழுகையும் வந்துவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளே திருத்தினாள்.

8

பலகை ஏறிவிட்டது. அந்த எண் இதோ வந்திருக்கிறது.

சம்மதம் என்று அழுத்தினால் அக்கா இன்றைக்கு வயிறாரச் சாப்பிடுவாள். வேண்டாம் என்று அழுத்தினால் அந்த எண் இத்தோடு செத்தது. நாளையிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் புதியவர்கள். விடுதி அறைக்கு மெத்தை தேடி வருகிற பையனிடமும், முதுகுவலிக்காரரிடமும் 'நல்லா இருக்கியாடி?' என்று கேட்கத் தோன்றும் அவளுக்கு. எவரையும் விரட்ட முடியாது. யார் கண்டது, தங்கையாகவும் இருக்கலாம்.

இரண்டையும் எழுதிப் பார்த்தேன். என் சௌகரியத்துக்கு வந்தவளின் விரலைப் பிடித்து அழுத்தியதாகவே பட்டது. கேட்காமல் செய்யக் கூடாது என்றுதானே இத்தனை பாடு? அதனால் திரைக்கு அருகே அந்த விரலை விட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்கிறேன். இனி அது உங்கள் விரல். எதை வேண்டுமானாலும் அழுத்துங்கள், அக்கா கோபிக்கமாட்டாள்.

ஆனால் அவசரப்பட்டு அழுத்திவிடாதீர்கள். பட்டன்களுக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கிறது. அதைப் படித்துவிட்டு அழுத்துங்கள்.

'வேண்டாம் என்றாலும் வரலாம்.'