மாட்டிக்கிட்டியா?

கிளிப்லெஸ் என்று அந்தச் சைக்கிள் பெடலுக்குப் பெயர் வைத்தவனை ஒரு நாளாவது நேரில் பார்க்க வேண்டும் என்று பிரேமலதாவுக்கு ஆசை. கிளிப் இல்லாதது என்று பெயர். காலைக் கவ்விப் பிடித்து வைத்துக்கொள்வதுதான் தொழில். ஷூவின் அடியில் ஒரு கட்டை, பெடலில் அதற்கேற்ற ஒரு வாய். அழுத்தி மிதித்தால் ‘டக்’ என்று கவ்விக்கொள்ளும். விடுபட வேண்டுமானால் குதிகாலை வெளிப்பக்கமாகத் திருப்ப வேண்டும். மேலே இழுத்தால் வராது, உதறினால் வராது, சாமியை வேண்டிக்கொண்டாலும் வராது.

கல்யாண நாளுக்குப் பாலு வாங்கிக் கொடுத்த பரிசு அது. அவள் கேட்கவில்லை. பாலு ஒரு மருந்துக் கம்பெனியில் ஏரியா மேனேஜர்; தனக்குக் கீழே இருக்கும் ரெப்புகளுக்கு மாதா மாதம் டார்கெட் வைத்து விரட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமைகளில் விரட்ட ஆள் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தான். அந்தக் குறை பெண்டாட்டியின் காலில் பெடல் மாட்டியதில் தீர்ந்தது.

ஆனால் சைக்கிள் முதலில் பிரேமலதாவுடையது. இதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இப்போது யாரும் சொல்வதில்லை. மாமியார் படுத்த படுக்கையாகக் கிடந்து போய்ச் சேர்ந்து, மகளும் ஹாஸ்டலுக்குப் போன பிறகு, ஞாயிற்றுக்கிழமைக் காலை ஒன்று அவளுக்கு மிஞ்சியது. மகள் விட்டுப்போன, முன்னால் கூடை வைத்த லேடீஸ் சைக்கிளைத் துடைத்துக் காற்றடித்து, ரப்பர் செருப்போடு கிளம்பினாள். தென்னூரிலிருந்து காவிரிப் பாலம், மாம்பழச் சாலை, ஸ்ரீரங்கம். பாலத்தில் ஓரமாக நின்று ஆற்றைப் பார்ப்பாள், தண்ணீர் ஓடினாலும் சரி, வெறும் மணலாகக் கிடந்தாலும் சரி. ராஜகோபுரத்தின் முன்னால் இறங்க மாட்டாள். மிதிப்பதை நிறுத்தி, செருப்பிலிருந்து கால்களை ஒரு விரற்கடை தூக்கி, ஒரு கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டு அப்படியே உருண்டு போவாள். பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து அப்படித்தான். இந்த ஊரில் பைக்கில் பறக்கிறவன்கூடக் கோபுரத்தைக் கண்டால் செருப்பிலிருந்து காலை உருவிக்கொள்வான்.

வழியில் ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்புவாள். அந்த நேரத்தில் ‘பிரேமா’ என்று யாரும் கூப்பிட மாட்டார்கள். அவளுக்கு வேண்டியிருந்ததும் அவ்வளவுதான்.

பாலுவுக்கு அது பொறுக்கவில்லை. நானும் வரேன் என்றான். வந்தவன் சும்மா வரவில்லை. முதலில் தனக்கு ஒரு ரேஸ் சைக்கிள் வாங்கினான், பிறகு அவளுக்கு ஒன்று. பிறகு இருவரையும் ஒரு சைக்கிள் குழுவில் சேர்த்துவிட்டான். விக்டர் என்ற பேங்க் ஆபீசர் அதற்குத் தலைவர், தங்கமான மனிதர். அதற்குப் பிறகு பாலத்தில் நிற்பதற்கில்லை, ஆவரேஜ் ஸ்பீடு குறைந்துவிடும். காபி எங்கே குடிப்பது என்பதைப் பாலு முடிவு செய்தான். கிளம்பும்போது வீட்டைப் பூட்டிச் சாவியைத் தன் சைக்கிள் பனியனின் முதுகுப் பையில் போட்டுக்கொண்டான். அவளிடம் கொடுத்தால் தொலைத்துவிடுவாளாம். இருபது வருஷத்தில் அவள் ஒரு சாவியையும் தொலைத்ததில்லை.

புதுப் பெடலுக்குப் பழக்கம் அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் நடந்தது. அவள் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பாள். “மாட்டிக்கிட்டியா?” என்று கேட்பான் பாலு. “மாட்டிக்கிட்டேங்க” என்பாள். முதல் நாள் தூணை விட்ட கையோடு சாய்ந்தாள். வேகமாகப் போகும்போது விழுந்தால் அதில் ஒரு கௌரவமாவது இருக்கும். இதில் வண்டி நின்ற பிறகுதான் விழ வேண்டும், அதுவும் மெதுவாக, விழப்போகிறோம் என்று நன்றாகத் தெரிந்து, கால் இரண்டும் கட்டுண்டு, யார் யார் பார்க்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டே விழ வேண்டும். அடுத்த வாரம் மாம்பழச் சாலை சிக்னலில் ஒரு ஷேர் ஆட்டோவின் மேலேயே சாய்ந்தாள். உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர்கள் சிரித்தது அவளுக்கு உறைக்கவில்லை. பாலு குழுவைப் பார்த்து, “ஸாரி, இவ கொஞ்சம் ஸ்லோ” என்றானே, அதுதான் உறைத்தது.

“பழைய பெடலையே போட்டுக் குடுங்களேன்” என்று கேட்டாள்.

“எல்லாரும் மாட்டிக்கிட்டுத்தானே ஓட்டுறாங்க? உனக்கு மட்டும் என்ன?” என்றான்.

ஞாயிற்றுக்கிழமை போச்சு. அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான். அதையும் அவன் தன் சாமானோடு சாமானாக எடுத்து வைத்துக்கொண்டான்.

அந்த வாரம் ஸ்ரீரங்கத்தில் ஏதோ விசேஷம். வெளியூர் வேன்கள் வரிசையாக நின்றன. கோபுரத்தை நெருங்கும்போது முன்னால் ஒரு வேன் வேகத்தைக் குறைத்தது, அவளும் குறைத்தாள். நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவுதான், பெடலும் மறந்தது, பாலுவும் மறந்தான். வலது கை தானாகக் கன்னத்துக்குப் போயிற்று. கால்கள் தானாக மேலே எழும்பப் பார்த்தன. எழும்ப வேண்டியதுதானே, செருப்பாக இருந்தால். ஷூ விடவில்லை. ஒற்றைக் கையில் ஹேண்டில் ஆடியது. சாமி கும்பிட்டபடியே இடது பக்கம் சாய்ந்து தார் ரோட்டில் விழுந்தாள்.

முழங்கை தேய்ந்து ரத்தம் வந்தது. சைக்கிள் மேலே கிடந்தது, கால் இரண்டும் அதனோடு கிடந்தன. பின்னால் வந்த பாலு அழகாகக் குதிகாலைத் திருப்பி இறங்கினான்.

“குதிகால வெளிய திருப்பு, வெளிய திருப்புன்னு எத்தனை தடவ சொல்றது?” என்றான். கியர் வளைந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தான். வளையவில்லை. நிம்மதியாகச் சைக்கிளைத் தூக்கினான். சைக்கிளோடு அவள் கால்களும் சேர்ந்து எழும்பின. முதுகு தரையிலும் பாதம் பெடலிலுமாக அவள் கிடந்த கோலத்தைப் பார்த்து, பூ விற்றுக்கொண்டிருந்த இருளாயி கூடையை வைத்துவிட்டு ஓடிவந்தாள்.

“அய்ய, விடுங்க சார். ஏம்மா, கால ஏன் கட்டி வச்சிருக்க?”

பிரேமலதா உட்கார்ந்து, ஷூவின் ஒட்டுப்பட்டையைப் பர்ரென்று பிரித்தாள். ஒரு காலை உருவினாள், பிறகு இன்னொன்றை. சாக்ஸையும் கழற்றி எறிந்தாள். ஷூக்கள் இரண்டும் பெடலைக் கவ்வியபடி தொங்கின. இருளாயி கைகொடுத்துத் தூக்கிவிட்டாள். வெறுங்காலோடு தரையில் நின்றபோது அவளுக்கு அழுகை வந்தது. இவன் முன்னால் அழக் கூடாது என்று விழுங்கிக்கொண்டாள்.

எதிர்ப்புறக் காபிக் கடையில் விக்டர் தண்ணீர் வாங்கி வந்து கொடுத்தார். “வலிக்குதா மேடம்? ஆட்டோ கூப்பிடட்டுமா?” என்று கேட்டார். அவள் ஓரமாகப் போய் முழங்கையைக் கழுவினாள். திரும்பியபோது எல்லோரும் பாலுவின் போனைச் சுற்றி நின்றார்கள். அவன் ஹேண்டிலில் ஒரு கேமரா வைத்திருந்தான்.

“இங்க பாருங்க, இங்க பாருங்க. கன்னத்துல போட்டுக்குறா, அடுத்தது தொபுக்கடீர்னு...” என்று சொல்லிக்கொண்டிருந்தான். மறுபடியும் ஓட்டிக் காட்டினான். விக்டர் மட்டும் சிரிக்காமல் வேறு பக்கம் பார்த்தார்.

பிரேமலதா அவன் அருகில் போனாள். “அடுத்த வாரத்துலேருந்து நான் பழைய சைக்கிள்லயே தனியா வந்துக்குறேங்க” என்றாள். குரல் நடுங்கவில்லை. அதில் அவளுக்கே ஆச்சரியம்.

“எந்தப் பழைய சைக்கிள்?”

“கூடை வச்சது.”

“அதா? அதை வாட்ச்மேன் பொண்ணுக்குக் குடுத்துட்டேனே. போன மாசமே. சும்மா இடத்த அடைச்சிட்டு நின்னுச்சு. பாவம், அது ஸ்கூலுக்கு நடந்து போகுது.”

கோபப்பட்டால் ஏழைப் பெண்ணுக்குக் கொடுத்ததைப் பொறுக்காதவள் என்று ஆகிவிடும். அப்படி ஒரு இடமாகப் பார்த்துக் கொடுத்திருந்தான். கேட்காமல் எடுத்துத் தானமும் பண்ணி, புண்ணியத்தையும் தன் கணக்கில் எழுதிக்கொள்ள அவனால்தான் முடியும்.

“உள்ள போய் சாமி கும்பிட்டுட்டு வரேன்” என்றாள். ஹெல்மெட்டைக் கழற்றிச் சைக்கிளில் மாட்டினாள்.

“சரி, சட்டுனு வா” என்றான், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கோபுரத்துக்குள் நுழைந்து தெருவோடு நடந்தாள். சன்னதிக்குப் போகவில்லை. பெருமாளிடம் சொல்லவும் ஒன்றும் இல்லை, அவர் முன்னால்தானே எல்லாம் நடந்தது. ஒரு பக்கத் தெருவில் திரும்பிச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். சத்திரம் பஸ் ஸ்டாண்டு போகிற டவுன் பஸ் நின்றிருந்தது. ஏறிக்கொண்டாள். கையில் காசு இல்லை. பெண்களுக்குக் காசு வாங்காத பஸ் என்பதால் கண்டக்டர் டிக்கெட்டை மட்டும் கொடுத்துவிட்டுப் போனார். அவளுடைய வெறுங்காலை யாரும் பார்க்கவில்லை. ஸ்ரீரங்கத்தில் ஏறுகிறவர்களில் வெறுங்காலோடு ஏறுகிறவர்கள் நிறையப் பேர்.

பஸ் பாலத்தில் ஏறியது. ஜன்னலோரமாக ஆற்றைப் பார்த்தாள். பல மாதம் கழித்து நிதானமாகப் பார்க்கிறாள். நடுவில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. முழங்கை எரிந்தது, ஆனாலும் மனசு லேசாக இருந்தது. கால் விரல்களை விரித்து மடக்கிப் பார்த்துக்கொண்டாள்.

பனியன் பையில் போன் அடித்தது.

“எங்க இருக்க நீ? உள்ள வந்து தேடிட்டேன்.”

“பஸ்ல.”

“பஸ்லயா? இங்க சைக்கிள் அநாதையா நிக்குது. ஷூ ரெண்டும் பெடல்லயே தொங்குது. நீ கழட்டவே இல்லையா?”

“நான் கழட்டிட்டேங்க” என்றாள்.

அப்படிச் சொன்னது அவளுக்கு இனித்தது. என்ன வேண்டுமானாலும் கத்தட்டும் என்று காத்திருந்தாள். பாலு கத்தவில்லை. சிரித்தான்.

“கோவமா? சரி சரி. வீட்டுக்குத்தானே போற?”

“ம்.”

“சாவி என்கிட்டல்ல இருக்கு. படியில உக்காந்திரு. நாங்க கொள்ளிடம் வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடுறோம்.”

போனை வைத்துவிட்டான். பாலம் முடிந்து பஸ் ஊருக்குள் திரும்பியது. எங்கே போவது என்று யோசித்தாள். பணம் இல்லை, செருப்பு இல்லை, இந்தக் கோலத்தில் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் எவர் வீட்டுக் கதவைத் தட்டுவது? அம்மா வீடு என்று ஒன்று இருந்த காலம் போய்விட்டது. கடைசியில் தென்னூருக்கே நடந்து போய், மூன்றாவது மாடியில், தன் வீட்டுப் பூட்டைப் பார்த்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள்.

ஒவ்வொரு வாரமும் மறக்காமல் கேட்பானே, மாட்டிக்கிட்டியா, மாட்டிக்கிட்டியா என்று. இன்றைக்கு அவன் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் அவனுக்கு இருக்கவில்லை.